படுகளத்து மண்

இந்த ஊரில் மண்ணை வண்டியில் ஏற்றி விற்கிறார்கள். திருவொற்றியூருக்கு வந்த புதிதில் இதுதான் எனக்குப் பெரிய புதினம். யாழ்ப்பாணத்தில் எங்கள் அப்பு, தோட்டத்தை விட்டுக் கிளம்பும்போது காலில் ஒட்டிய செம்மண்ணை வரப்பிலேயே துடைத்துவிட்டு வரச் சொல்வார். தோட்டத்து மண் தோட்டத்தில்தான் கிடக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் பெற்ற பிள்ளை நான், இங்கே செங்கல் சூளையில் மண் வண்டிகளுக்குச் சீட்டு எழுதும் கணக்குப்பிள்ளை. வெட்கமாகத்தான் இருந்தது. வேலை போனால் வெறுங்கையோடு ஊருக்குக் கப்பலேற வேண்டும். அந்த வெட்கம் இதைவிடப் பெரிது.

சூளைக்கு வந்ததெல்லாம் சாத்தாங்காட்டுக் கீரைத் தோட்டங்களின் மேல்மண். பயிரிட்டவர்களை ஒரு வார்த்தை கேளாமல் நிலத்துக்காரர் விற்றுவிட்டார். முழ ஆழம் சுரண்டியதும் அடியில் வெறும் உவர்மணல். முனியம்மா என்ற கீரைக்காரி அதில் இரண்டு முறை விதைத்துப் பார்த்தாள், ஒன்றும் முளைக்கவில்லை. திரௌபதியம்மன் திருவிழா நெருங்கியபோது அவள் கூத்துக்காரர்களோடு சூளைக்கு வந்தாள். துரியோதனன் விழுந்து கிடப்பதுபோல் தரையில் பெரிய மண் உருவம் செய்ய வேண்டுமாம். அதற்குத் தங்கள் தோட்டத்து மண்தான் வேண்டுமாம். முதலாளி ஊரில் இல்லை. எங்கள் ஊரில் கந்தசஷ்டிச் சூரன்போர் முடிந்ததும் சூரனின் மர உருவத்தைப் பத்திரமாய்க் கொட்டகைக்குத் தூக்கிப் போவார்கள். இங்கும் அப்படித்தான் என்று நானாக முடிவு கட்டி, மண் திரும்பி வரும் என்று சீட்டு எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

துரியோதனன் விழும் படுகளத்தன்று காலை, வெளியூரிலிருந்து திரும்பிய முதலாளி, சூளை மண் களத்தில் கிடப்பதைக் கேள்விப்பட்டு, அதை ஏற்றிப்போக வண்டிகளோடு வந்து நின்றார். பீமன் வேடக்காரன் மண் துரியோதனனின் தொடையைப் பிளந்தான். கோமாளி குனிந்து அதன் காதில் கேட்டான்: "ஊசிமொன நெலம் தரமாட்டேன்னியே நைனா. இத்தினி மண்ணுல படுத்துகினு கீற, ஒரு புடி எடுத்துகினு போ பாக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. எல்லார் கண்ணும் முதலாளி பக்கம் திரும்பியது. அடுத்த கணம் ஜனம் கூடையும் முறமுமாய் உருவத்தின் மேல் விழுந்தது. பதறி ஓடிப்போய் முனியம்மாவின் கூடையைப் பிடித்தேன்.

"வுடு கணக்குப்புள்ள. படுகளத்து மண்ண அவங்கவங்க நெலத்துல போடணும். எங்க பாட்டன் காலத்துலேந்து அப்டிதான்."

வண்டிக்காரர்களே இறங்கித் துண்டில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். மண்ணை யார் கொடுத்தது என்று முதலாளி கத்தினார். கூடைகள் அப்படியே நின்றன. நான் எழுதிய சீட்டை அவர் இன்னும் பார்க்கவில்லை. அதைக் கிழித்துவிட்டு, திருடினார்கள் என்று நான் சொன்னால் போலீஸ் வரும், மண்ணும் திரும்ப வரும், என் வேலையும் தங்கும். முனியம்மாவின் கூடையிலிருந்து கையை எடுத்தேன்.

"நான்தான் குடுத்தனான்" என்றேன்.

நாளை வேலைக்கு வராதே என்று சொல்லிவிட்டு, மண் ஏற்ற ஆளில்லாமல் அவர் காலி வண்டிகளோடு போனார். முனியம்மா ஒரு பிடி மண்ணை என் கையில் வைத்து, "நீயும் உன் நெலத்துல போடு" என்றாள். எனக்கு ஏது நிலம்? அப்புவின் தோட்டம் கடலுக்கு அப்பால். ராயபுரத்து வாடகை அறையில் கல் தரை. அவள் பின்னாலேயே சாத்தாங்காடு வரை நடந்து, அவள் பாத்தியிலேயே அதைப் போட்டேன். வெளியே வரும்போது, யாரும் சொல்லாமலே, காலை வரப்பில் துடைத்தேன். நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அன்று முழுக்க நான் கை கழுவவில்லை.