சக்களத்தி மேடு ஏறிய சனிக்கிழமை

மழைக்காலக் காலை வேளைகளில் அந்தப் பேருந்து ஒரு நிறுத்தத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் அம்மாள் ஒருவர் அங்கேதான் ஏறுவார். அவருக்கு ஒரு கால் சரியாக ஊன்றாது. அவர் தூரத்தில் வருவது தெரிந்ததும் ஓட்டுநர் கீழே இறங்கி, பக்கத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிப்பார். துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைப்பார்.

"டிரைவரே, மூஞ்சி பாத்தது போதும், வண்டிய எடுங்க!" என்று உள்ளேயிருந்து கத்துவார்கள்.

"இன்னிக்குக் கொஞ்சம் அழகா இருக்கேன், பாத்துக்கறேன் விடுங்க" என்பார்.

அந்த அம்மாள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் துணி ஓட்டுநரின் சட்டைப் பைக்குள் போகும். வண்டி தனக்காக நின்றது என்று அந்த அம்மாளுக்கே தெரியாது. தெரிந்த ஒரே ஆள் ஓட்டுநரின் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். குழந்தைகள் காப்பகத்தில் வேலை. தினமும் அண்ணனின் வண்டியில்தான் போவாள். பார்த்தாளே தவிர, ஒருநாளும் அதைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை. சில நல்ல காரியங்களைக் கேட்டால் கெட்டுப் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றும்.

கணவன் காலமான பிறகு சின்னவள் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாள். அண்ணன், அண்ணி, அவள் என்று மூன்று பேர். நான்காவதாக முன்னறையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். பழைய இரும்புக் கொட்டகை ஒன்றில் கிடந்ததை அண்ணன்தான் வாங்கினார். வாங்கிய அன்று அதன் இருக்கையில் ஒரு கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரித்துக் கோழி தானாக இறங்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே வண்டியை உருட்டி வந்தார். அப்படிப்பட்ட மனுஷன்.

கொல்லைக் கூரை ஒழுகியதால் வண்டிக்கு முன்னறையில் இடம் கிடைத்தது. அண்ணி அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தார். "உங்க அண்ணனுக்கு ரெண்டு பொண்டாட்டி. ஒருத்தி சமைச்சுப் போடுவா, இன்னொருத்தி எண்ணெய் ஒழுக விடுவா. யாருக்குத் துடைச்சு விடறாரு பாரு!" என்பார். திட்டுவாரே தவிர, வண்டிக்கடியில் தினமும் பழைய சாக்கை மாற்றிப் போடுவதும் அவர்தான்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த சக்களத்திக்குத் திடீரென்று ஒரு வியாதி வந்தது. கிக்கரை ஒரு உதை உதைத்தால் உயிர் பிடிக்கும். தெரு முழுக்கச் சத்தம் கேட்கும். அண்ணன் முகத்தில் பல்லெல்லாம் தெரியும். தெருக்கோடி தாண்டி, பூட்டுக் கடை தாண்டி, பள்ளிக்கூடத்துச் சுவர் வரும்போது இருமும். இரண்டு இருமல், அப்புறம் மௌனம். அண்ணன் இறங்கி டேங்க் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பார். "வயிறு நிறைய இருக்கே, அப்புறம் ஏன்டி அழற?" என்று கேட்டுவிட்டு மூடுவார். உதைப்பார். உடனே கிளம்பும்! வீட்டுக்குத் திரும்பும் வழியில் மறுபடி இருமும்.

விடுமுறை நாளெல்லாம் முன்னறை பட்டறையானது. பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தார். பொறி நீலமாகப் பாய்ந்தது, குறையில்லை. கார்புரேட்டரைப் பிரித்து அண்ணியின் தட்டில் பரப்பி, ஒவ்வொரு துளையையும் வாயால் ஊதினார். பொறிக்கு மின்சாரம் விட்டு விட்டுத் தரும் பாயிண்டின் இடைவெளி பார்க்கப் பல் டாக்டர் கொடுத்த விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்த்தார். கம்பிகளைச் சூடாக்கிப் பார்த்தார், ஆற விட்டும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. வண்டிதான் சரியாக இல்லை.

அந்தப் பல் டாக்டருக்கு சக்களத்தி மேல் நெடுநாளாக ஒரு கண். தன் மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நிறுத்தி வைத்தால் பயந்து வருகிறவர்கள் பயம் மறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது அவர் எண்ணம். கடைவாய்ப் பல் வலி என்று அண்ணன் போய் நாற்காலியில் சாய்ந்தபோது, வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினார்.

"டிரைவரே, ஒரு பந்தயம். சனிக்கிழமை உங்க வண்டி தண்ணித் தொட்டி மேட்டுல நிக்காம ஏறட்டும், இனி ஜென்மத்துக்கும் கேக்க மாட்டேன். நடுவுல நின்னா எனக்குக் குடுத்துடணும். சரியா?"

அண்ணன் "ம்ம்" என்றார்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னதும் அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார். "வாய்ல பஞ்சு இருக்கறப்ப எவனாவது வாக்குக் குடுப்பானா?"

"ம்ம்னாலும் வாக்கு வாக்குதான்" என்றார் அண்ணன், வீங்கிய கன்னத்தோடு.

அன்றிலிருந்து சின்னவள் தினமும் இரண்டு வேளை பிரார்த்தனையில் வண்டியையும் சேர்த்துக்கொண்டாள். எந்திரத்துக்காகக் கடவுளைத் தொந்தரவு செய்யலாமா என்று முதலில் தயங்கினாள். அண்ணன் முகத்தைப் பார்த்தபின் தயக்கம் போய்விட்டது. சக்களத்தி வாசல் தாண்டிப் போய்விட்டால் அந்த முன்னறையில் அவர் எதைப் பார்த்துச் சிரிப்பார்?

சனிக்கிழமை வந்தது. காலையில் ஓட்டிப் பார்த்தபோதும் சக்களத்தி வழக்கம்போலப் பள்ளிக்கூடத்துச் சுவரருகே நின்றுவிட்டது. சின்னவள் கனத்த மனதோடு காப்பகத்துக்குப் போனாள். அரை நாள் வேலை. கிளம்பும் நேரத்தில், தொட்டிலில் ஒரு குழந்தை பால் புட்டியை வாயில் வைத்துக்கொண்டே வீறிட்டது. உறிஞ்சுகிறது, பால் வரவில்லை, ரப்பர் காம்பு உள்ளே ஒட்டிப் போயிருந்தது. சின்னவள் புட்டியின் வளையத்தைக் கொஞ்சம் தளர்த்தினாள். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே போனது. குமிழிகள் ஏறின. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு மடமடவென்று குடித்தது.

சின்னவள் சிலையாக நின்றாள்.

அந்த "ஸ்ஸ்" அவளுக்குத் தெரிந்த சத்தம். அண்ணன் டேங்க் மூடியைத் திறக்கும்போதெல்லாம் முன்னறையில் கேட்கும் சத்தம். வயிறு நிறைய இருக்கே, ஏன்டி அழற?

அடுத்த நொடி இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்த மூடியின் உட்புறம் ரப்பர் வைத்தது யார்? அவளேதான்! வண்டிக்கு வியாதி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், பெட்ரோல் வாடையில் அண்ணிக்குத் தலைவலி தாங்கவில்லை. அண்ணன் அப்போதுதான் சந்தையில் வேறொரு மூடி வாங்கி மாட்டியிருந்தார். சைக்கிள் டியூபில் வட்டமாக ஒரு துண்டு அறுத்து, ஜாடி மூடிக்கு வைப்பதுபோல உள்ளே அழுத்தி வைத்துவிட்டாள். வாடை நின்றது. அண்ணியின் தலைவலியும் நின்றது. ரப்பர் மூடியோடு சேர்ந்து வந்தது என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். மூடியில் காற்றுப் போக இருந்த ஊசித் துளையை ரப்பர் அடைத்துவிட்டது. பெட்ரோல் இறங்க வேண்டுமானால் மேலே காற்று புக வேண்டாமா?

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். வீட்டு வாசலுக்கு வரும்போது அண்ணன் கிளம்பித் தெருமுனை திரும்பிவிட்டார். பின்னாலேயே போய்ப் பார்க்க டாக்டர் தன் காரை நகர்த்திக்கொண்டிருந்தார். அண்ணி வாசலில் நின்று, "போயிட்டா சக்களத்தி" என்று மூக்கை உறிஞ்சினார். சின்னவள் காரின் கதவைத் திறந்து உள்ளே குதித்தாள்.

"டாக்டர், வேகமா போங்க!"

"நான் ஜெயிக்கறதப் பாக்க உங்களுக்கு என்னம்மா இவ்வளவு அவசரம்?"

"போங்க, சொல்றேன்!"

தொட்டி மேடு தொடங்கியது. முன்னால் அண்ணனின் முதுகு நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தது. முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவில் ஒரு இருமல்.

சின்னவள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். "அண்ணே! மூடியத் திற! டேங்க் மூடி!"

அவர் காதில் விழவில்லை. இன்னொரு இருமல். வண்டி நடக்கும் வேகத்துக்கு வந்துவிட்டது. கடவுளே, ஒரே ஒரு தரம், என்று அவள் மனசு கதறியது. அப்போது யாரும் எதிர்பாராத காரியம் ஒன்று நடந்தது. டாக்டருக்கே பொறுக்கவில்லை. ஹாரனை அழுத்திக்கொண்டே காரை வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "நல்லாக் கத்தும்மா, காது கேக்கல போல!" என்றார்.

"மூடிய்ய்! அண்ணே, மூடியத் திற!"

அண்ணன் திரும்பிப் பார்த்தார். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. இடது கையை விட்டு மூடியைத் திருகினார். ஸ்ஸ்! சாகப் போன சத்தம் தடுமாறி, விக்கி, ஒரு கணம் இழுத்து, பிறகு வெடித்துக் கிளம்பியது! பெட்ரோல் துளித்துளியாகச் சட்டையில் தெறிக்க, மூடியைக் கையில் பிடித்தபடியே அண்ணன் மேட்டை ஏறினார். கடைசி வளைவில் சக்களத்தி போட்ட கூச்சலில் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்த பறவைகள் மொத்தமாகப் பறந்தன. காருக்குள் சின்னவள் கைதட்ட, டாக்டர் ஹாரனை விடாமல் அடித்தார்.

மேலே போய் வண்டியை நிறுத்தியதும் அண்ணன் மூடியைத் திருப்பிப் பார்த்தார். "இந்த ரப்பர..."

"நான்தாண்ணே வச்சேன். அண்ணிக்குத் தலைவலின்னு..."

அண்ணன் அவளைப் பார்த்தார், ரப்பரைப் பார்த்தார், பிறகு தரையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "கார்புரேட்டர ஏழு ஜென்மத்துக்கும் சேத்து ஊதிட்டேனே! தட்டுல எண்ணெய் வாடை இன்னும் போகலையே!"

"டாக்டர், இது கணக்குல சேருமா?" என்று சின்னவள் பயந்துகொண்டே கேட்டாள்.

"நின்னுச்சா? நிக்கல. பக்கத்துல வந்து கத்தக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்லையே" என்றார் டாக்டர். அப்புறம் குரலைத் தணித்து, "டிரைவரே, ஒரு ரவுண்டு பின்னாடி ஏறிக்கட்டுமா?" என்று கேட்டார். குழந்தைபோலக் காலைத் தூக்கிப் போட்டு ஏறியும் கொண்டார்.

அன்று மாலை அண்ணன் ஒரு ஊசியைச் சூடாக்கி அந்த ரப்பரில் சின்னதாக ஒரு துளை போட்டு, அதையே திரும்ப மூடிக்குள் வைத்தார். வாடையும் வராது, வண்டியும் நிற்காது. வண்டி இத்தனை நாள் எதனால் நின்றது என்று அண்ணி கேட்டதற்கு, "வயசாயிடுச்சுல்ல, இருமல் வந்துச்சு, போயிடுச்சு" என்று மட்டும் சொன்னார். தங்கையின் பெயரை எடுக்கவே இல்லை. சின்னவள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பேருந்தில் கண்ணாடி துடைக்கிற அதே கைதான் இது என்று நினைத்துக்கொண்டாள்.

சில ஆண்டுகள் கழித்து வேறு ஊரில் ஒரு பெரிய காப்பகத்தில் பொறுப்பான வேலை அவளுக்குக் கிடைத்தது. ரயிலடிக்கு அண்ணன் சக்களத்தியில்தான் கொண்டுபோய் விட்டார். வழியில் ஒரு இருமல் இல்லை. அண்ணனும் தங்கையும் கடைசியாகப் பார்த்துக்கொண்டது அன்றைக்குத்தான் என்று இருவருக்கும் அப்போது தெரியாது. அடுத்த மழைக்காலத்தில் தூக்கத்திலேயே அவர் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

அவளை விட வந்த அன்று, ரயிலடியில், ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பெட்டியை இறக்கி வைத்த அண்ணன் சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்து, வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். அதில் தூசி ஒன்றும் இல்லை. சின்னவளும் அவசரப்படவில்லை. துடைத்து முடித்துத் துணியை மடித்துப் பையில் வைத்துவிட்டு, அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"போயிட்டு வா, தாயே. இங்க மூடிய நான் பாத்துக்கறேன். நீ அங்க எதையும் அறுத்து ரப்பர் வைக்காம இரு, அது போதும்."