அம்மன் கோயில் எதிரே தார் போட்டபோது நடந்தது

இதை எழுத உட்கார்ந்து, வேண்டாம் என்று எழுந்துபோன நாட்கள் எத்தனையோ. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் எழுத்து வராமல் தள்ளிப்போடவில்லை. சாமி கும்பிடுவதையே குற்றம் சொல்கிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்தான். இன்றைக்கும் விளக்கேற்றிக் கும்பிடாமல் நான் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் போய் மூன்று நான்கு வருடம் இருக்கும். நான் செங்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். முத்தியால்பேட்டையிலிருந்து கருவடிக்குப்பம் போகிற வழியில் பழைய கப்பி ரோட்டைக் கொத்தித் தார் போட ஆரம்பித்தார்கள். பாதி ரோட்டில் வேலை, மீதிப் பாதியில் வண்டிகள். நடுவே காலித் தார் பீப்பாய்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். முனையில் ஒரு பெண் சிவப்புக் கொடியோடு நிற்பாள். ஆறு மாதக் கர்ப்பிணி. ஜல்லிச் சட்டி தூக்கக் கூடாது என்று மேஸ்திரி அவளைக் கொடிக்கு மாற்றியிருந்தார். அவள் புருஷனும் அங்கேயே ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தான்.

அதற்கு எதிரே ஓர் அம்மன் கோயில். அதைத் தாண்டும்போது ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடுவேன். லாரிக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஒரு கணம்தானே, வண்டி அதுபாட்டுக்கு நேராகப் போகும்.

அன்று காலை அங்கே ரோடு சரியில்லை என்பது எனக்குத் தெரியும். முந்தின நாளும் அதே வழியாகத்தான் போனேன். வேகத்தைக் குறைத்தேன், குறைத்தது போதவில்லை. கோயில் வந்ததும் கை தானாக மேலே போனது. முன்சக்கரம் உதிரி ஜல்லியில் ஏறி, வண்டியை வேலை நடக்கிற பக்கம் இழுத்துக்கொண்டது. நான் ஸ்டீரிங்கைப் பிடிப்பதற்குள் ஒரு பீப்பாயை முட்டிவிட்டேன். அது உருண்டுபோய் அவள் காலில் அடித்து அவளைக் கீழே தள்ளியது.

அவளையும் புருஷனையும் என் லாரியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. குழந்தையைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், குழந்தை அசைகிறது என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே விழுந்து கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு கதை வேறாகிவிட்டது. லாரிக்காரன் கும்பிட்டதால்தான் அம்மன் வண்டியை அவள்மேல் ஏறாமல் திருப்பித் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினாள் என்று ஊர் பேசியது. டீக்கடையில் இன்னொரு டிரைவர், "நீ கைய வுட்டா ஆத்தாளே வந்து ஸ்டீரிங்கப் புடிக்கிறாப்பா, உனக்கு எதுக்கு லைசென்ஸு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வருடம் ஆடித் திருவிழாவில் எனக்குப் பரிவட்டம் கட்டினார்கள். தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

மறு வருடம் குருசுக்குப்பம் பக்கம் ரோடு வேலையில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் பெண் குழந்தை. காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள். வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப்போய் நலம் கேட்டேன். கோபமில்லாமல்தான் பேசினாள்.

"ஆத்தா காப்பாத்துனான்னு எல்லாரும் சொல்றாங்கண்ணே. நான் கொடிய ஆட்டிக்கினேதான் இருந்தேன். நீங்க என்னப் பாக்கவே இல்ல. ரெண்டு கையும் மேல இருந்துச்சு."

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"யாரும் என்னக் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள்.

அன்றே கோயில் பெரியவரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அம்மன் மகிமையை நீயே குறைக்காதே, விடு என்று அனுப்பிவிட்டார். அதற்குமேல் யாரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்றிலிருந்து வேலை நடக்கிற இடம் வந்தால் முதல் கியரில்தான் போவேன். கொடி பிடித்தவர் முகத்தைப் பார்த்து, அவர் தலையசைத்த பிறகே வண்டியை நகர்த்துவேன். கும்பிட வேண்டுமென்றால் தள்ளி நிறுத்திவிட்டு இறங்கிக் கும்பிடுவேன்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். அம்மன் காப்பாற்றினாள் என்று நானும் நம்புகிறேன். காப்பாற்ற வேண்டிய நிலைக்கு அந்தப் பெண்ணைத் தள்ளியவன் நான். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லாதீர்கள்.