மீனுக்கு நேர் கீழே

கடலுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க ஒரு கருவி உண்டு. படகுக்குப் பின்னால் கம்பியில் கட்டி, தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போவார்கள். ஆள் நீளம் இருக்கும், வாலும் வைத்திருப்பார்கள். அதனால் எங்கள் ஆபீசில் அதற்கு மீன் என்றே பெயர். மீன் தன் இரண்டு பக்கமும் ஒலியை அனுப்பும். தரையில் பட்டுத் திரும்பி வரும் ஒலியைக் கணினி படமாக்கும். கெட்டியான பொருள் பளிச்சென்று தெரியும். ஒலி அதைத் தாண்டிப் போக முடியாததால் அதன் பின்புறம் கறுப்பாக நிழல் விழும். இடமும் வலமும் இவ்வளவு பார்க்கிற மீனுக்குத் தன் நேர் கீழே இருப்பது மட்டும் தெரியாது. படத்தின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புப் பட்டையாக அது வரும்.

அந்தப் பட்டையை இல்லாமல் ஆக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

ஆபீஸ் வெலிங்டன் தீவில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் இருந்தது. கப்பல் வழியையும் கரையோரத்தையும் அளந்து படம் எடுத்துக் கொடுக்கும் சின்ன நிறுவனம். அளவைக்குத் தலைவர் ஒரு மலையாளி, வயதில் மூத்தவர், எல்லோருக்கும் சேட்டன். முதல் நாளே திரையைக் காட்டி, "ஈ கறுத்த வர எனிக்கு காணண்டா" என்றார். இந்தக் கறுப்புக் கோட்டை நான் இனிமேல் பார்க்கக் கூடாது என்று அர்த்தம். படம் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு முறையும் நடுவில் என்ன ஆச்சு, பிரிண்டர் கெட்டுப்போச்சா என்று கேட்டு அவர் உயிரை வாங்கியிருந்தார்கள்.

செயற்கை நுண்ணறிவுக்கு இது பெரிய காரியமில்லை. இரண்டு பக்கத்தையும் பார்த்து, நடுவில் என்ன இருக்கக்கூடும் என்று ஊகித்து நிரப்பிவிடும். பெரிய காரியம் அதை ஒரு கணினியில் ஏற்றி ஓடவைப்பது. ஒரு மென்பொருளைப் புதிதாக்கினால் இன்னொன்று முறைத்துக்கொள்ளும். கல்யாணத்தில் சண்டை போட்ட சம்பந்தி வீட்டார் மாதிரி ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காது. கெஞ்சியும் திட்டியும் ஓடவைத்தேன். அடுத்து அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். சேறும் மணலும் எங்களிடம் வேண்டிய மட்டும் இருந்தன. மூழ்கிக் கிடக்கும் பொருள்களின் படங்கள்தான் இல்லை. தெளிவாக இருந்தது ஒன்றே ஒன்று, எப்போதோ மூழ்கிய ஒரு மீன்பிடிப் படகு. அதையே திருப்பி, கவிழ்த்து, வலதை இடதாக்கி, சின்னதாக்கி, பெரிதாக்கிக் காட்டினேன். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிறதுதான். ஒரு படகை வைத்து ஒரு கடற்படையே செய்துவிட்டோம் என்று சேட்டன் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இங்கே என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் படகு எஞ்சின் மெக்கானிக். மழைக்கால மீன்பிடித் தடை முடிந்து படகுகள் வெளியே போன முதல் வாரத்தில், எஞ்சின் சத்தம் சரியில்லை என்று ஒரு படகுக்காரர் கூப்பிட்டார். ஓடவிட்டுக் கேட்டுப் பார்க்கிறேன் என்று கூடவே போனான். அழிமுகத்தில், காயல் கடலில் சேருகிற அந்த வாயில், அலை தூக்கி அடித்துப் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். படகையும் அவனையும் காணவில்லை. அவன் கீழே எஞ்சின் பக்கத்தில் இருந்தான், வெளியே வரவேயில்லை என்றார் ஒருவர். இல்லை, குதித்ததை என் கண்ணால் பார்த்தேன் என்றார் இன்னொருவர். தேடினவர்கள் கொஞ்ச நாள் தேடிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் மாடியில் நான், கீழே அம்மாவும் தம்பி மனைவியும். அப்பா, எங்களுக்கு அத்தா, உயிரோடு இல்லை. தம்பி மனைவிக்குக் கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. புருஷன் இறந்தால் பெண் இத்தா இருக்க வேண்டும், அதாவது வெள்ளை உடுத்தி, வெளி ஆண்களைப் பார்க்காமல் வீட்டுக்குள் ஒதுங்கியிருக்க வேண்டும். அந்தக் காலம் முடிந்த பிறகுதான் அவளுக்கு அடுத்த வாழ்க்கை. புருஷன் இறந்தானா என்றே தெரியாத இவள் எப்படி இத்தா இருப்பது? அம்மா பள்ளிவாசல் உஸ்தாதிடம் கேட்டாள். அவர் நல்ல மனிதர். "உறுதியா ஒரு சேதி வரட்டும் உம்மா. தெரியாம எப்படி இருக்கச் சொல்றது?" என்று தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவள் பூப்போட்ட சேலை கட்டினாலும் தெருவில் பேச்சு, கட்டாவிட்டாலும் பேச்சு. ஆட்டோ ஏதாவது வாசலில் நின்றால் சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடி வருவாள். ஆள் யாரென்று பார்த்ததும் அப்படியே திரும்பிப் போவாள். இரவு அம்மா வாசல் கதவைத் தாழிடப் போனால், கொஞ்சம் இருங்க என்று தடுப்பாள்.

மழை ஓய்ந்த பிறகு எங்கள் நிறுவனம் அழிமுகத்தின் ஓரத்தை அளந்தது. அந்தப் படங்களை ஒரு மத்தியானம் என் மாடி அறையில் உட்கார்ந்து புது மென்பொருளில் ஓடவிட்டேன். வரிவரியாகச் சேறு வந்தது, மணல் மேடு வந்தது. பட்டை இருந்த இடத்தில், பட்டை இல்லாமல், ஒரு படகு வந்தது.

கூர்மையான முன்பக்கம். சக்கரம் பிடிக்கிற அறை. அதன் மேல் சாய்ந்த ஒரு கூரைச் சட்டம்.

அது என்ன என்று உலகத்தில் எல்லோரையும் விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். மீன் பார்க்காத இடம் அது. என் கையால் பாடம் படித்த ஒன்று ஊகித்து வரைந்தது. தெரிந்தும் மறுபடி ஓடவிட்டேன். இந்த மென்பொருள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு மாதிரி ஊகிக்கும். படகு இந்த முறை இடது பக்கம் சாய்ந்திருந்தது. மறுபடி ஓடவிட்டேன். கூரைக்குக் கீழே ஏதோ கறுப்பாக, ஆள் குனிந்திருப்பது போல இருந்தது. அடுத்த முறை வெறும் சேறு. எனக்கு அழுகை வந்துவிட்டது. வா, வா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திரும்ப ஓடவிட்டேன். வந்தது. அந்த நேரத்தில் நான் எஞ்சினியருமில்லை, ஒன்றுமில்லை. தண்ணீருக்குள் கையை விட்டு அவனைத் துழாவுகிற அக்கா, அவ்வளவுதான்.

தம்பி மனைவி சாயா கொண்டு வந்து பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை.

"இது அவரு போன போட்தானே அக்கா?"

திரையை மூடப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மேல்கூரை இவரு வெல்டிங் வச்சு அடிச்சது. போட்டோ கொண்டு வந்து எனக்குக் காட்டினாரு."

"இங்க எல்லாப் போட்டுக்கும் அப்படித்தான் கூரை இருக்கும். இது மிஷின் வரைஞ்சது. அங்க என்ன இருக்குன்னு அதுக்கே தெரியாது."

"தெரியாம எப்படி வரையும்?"

"ஊகிக்கும்."

"வேற எங்கயும் ஊகிக்கலியே. அழிமுகத்துலதானே ஊகிச்சிருக்கு."

அவள் சாயாவை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். நான் கீழே வந்தபோது அம்மா உஸ்தாதுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். "கடலைப் படம் எடுக்கிற ஆபீஸ்ல எம்மக வேலை பாக்குறா. அவளே கண்டா உஸ்தாத்." நான் கத்தினேன். யாரும் அதைக் கண்டதில்லை, மீன்கூடக் கண்டதில்லை என்று கத்தினேன். அம்மா என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். உள்ளே அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. சாயங்காலம் அஸர் தொழுகைக்குத் தம்பி மனைவி வெள்ளைச் சேலையில் நின்றாள்.

மறுநாள் ஆபீசில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் நிழலைப் பார்த்தேன். நிழல் எப்போதும் மீனை விட்டு விலகித்தான் விழும். விளக்கு இருக்கிற பக்கமே நிழல் விழாது அல்லவா? இந்தப் படகின் நிழல் மீனை நோக்கி விழுந்திருந்தது. ஒரே படகை வலதை இடதாக்கிக் காட்டினேனே, அந்தப் பாடத்தை அது அப்படியே ஒப்பித்திருக்கிறது. என் தம்பி போன படகு இல்லை அது. நான் திருப்பிப் போட்ட யாரோ ஒருவர் படகு.

அது பொய் என்றால் அந்த இடத்தில் நிஜமாக என்ன இருக்கிறது? அதுவும் தெரியாது. பட்டை மறுபடி கறுப்பாகிவிட்டது. அவ்வளவுதான் மிச்சம்.

சேட்டனிடம் போய், அந்த இடத்தை இன்னொரு முறை, அது மீனின் பக்கவாட்டில் விழும்படி கொஞ்சம் தள்ளி இழுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். டீசல் என்றார், அனுமதி என்றார், முடிந்த வேலைக்கு யார் கணக்குச் சொல்வது என்றார். நான் காரணத்தைச் சொன்னேன். "நாளெ ராவிலே வா" என்றார், மறுநாள் காலையிலேயே வரச் சொல்லி.

காலையில் கடல் அமைதியாக இருந்தது. சீனவலைகளைத் தாண்டி அழிமுகத்துக்கு வந்ததும் மீனை இறக்கினார்கள். நான் படகின் அறைக்குள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கடல்தரை மேலிருந்து கீழே மெதுவாக ஓடியது. இது ஊகம் இல்லை. இது அந்த நிமிடத்தில் மீன் பார்த்தது. இடம் நெருங்க நெருங்க, இருந்துவிடு என்று வேண்டினேனா, இல்லாமல் போ என்று வேண்டினேனா, இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த இடம் வந்தது. சேறு. அலை வகிடெடுத்த மணல். ஒரு நங்கூரம் இழுத்துப் போன கீறல். போய்விட்டது. சேட்டன் படகைத் திருப்பி எதிர்ப்பக்கமிருந்தும் ஓட்டச் சொன்னார். அதே சேறு, அதே கீறல்.

"அவிடெ ஒன்னுமில்ல மோளே" என்றார். என் தோளில் கை வைக்கலாமா என்று யோசித்து, நாற்காலியின் முதுகில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டு நேராகத் தம்பி மனைவியின் அறைக்குப் போனேன். இத்தா இருக்கிறவள் பக்கத்தில் பெண்கள் போவதற்குத் தடை இல்லை. அவள் கட்டிலில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளில் முதல் முறையாக அவள் முகம் தூங்கின முகமாக இருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னேன். நிழலைச் சொன்னேன், மீனை இழுத்ததைச் சொன்னேன், சேற்றைச் சொன்னேன். "போட் அங்க இல்ல. நீ இப்படி இருக்கறதுக்கு ஒரு ஆதாரமும் இல்ல" என்றேன்.

நான் சொல்லி முடித்ததும் கேட்டாள்.

"அவரு வருவாரா அக்கா?"

கடல்தரையைப் பற்றி அவள் கேட்டிருந்தால் நான் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். இதற்கு ஒரு சொல்தான் இருந்தது. "வரமாட்டான்" என்றேன்.

"அப்ப என்னை எதுக்கு எழுப்ப வந்தீங்க?" அவள் குரலில் கோபம் இல்லை. "நான் எந்திரிச்சா திரும்ப வாசல்லதான் போய் நிக்கணும். என்னால முடியாது அக்கா. அது அவரு போட் இல்லன்னா போகட்டும். எனக்கு உக்காரறதுக்கு ஒரு இடம் வேணும். உங்க மிஷின் கொடுத்துச்சு."

நான் எழுந்து வந்துவிட்டேன். அம்மாவிடமும் உஸ்தாதிடமும் சொல்லவில்லை. அவள் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது.

ஆபீசில் பட்டையை நிரப்பும் வேலையை நிறுத்திவிட்டேன். கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும் என்றதற்குச் சேட்டன் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. அவளுடைய இத்தா முடிந்தது. உறவுக்காரர்கள் வந்து ஓதினார்கள், நெய்ச்சோறு ஆக்கினோம். துஆ கேட்டபோது எல்லோரும் அவன் பெயருக்கு முன்னால், இறந்தவர்களுக்குச் சொல்லும் மர்ஹூம் என்ற சொல்லைச் சேர்த்துச் சொன்னார்கள். நானும் கையேந்தி நின்றேன். பெயர் வந்தது, மர்ஹூம் என் வாயில் வரவில்லை. இப்போது அவள் வைட்டிலாவில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறாள். பச்சைச் சேலையில் ஒருநாள் அவள் பஸ் ஏறியதைப் பார்த்தபோது நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். அம்மாவும் அழுது தீர்த்துவிட்டாள். அவர்கள் இருவரும் அவனை அந்தப் படகில் வைத்து அனுப்பிவிட்டார்கள். அங்கே படகு இல்லை என்று கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான். என்னால் மட்டும் அனுப்ப முடியவில்லை.

இரவு இஷா தொழுது முடித்ததும் அம்மா வாசல் கதவைத் தாழிடப் போவாள். கொஞ்சம் இருங்கம்மா என்று இப்போதெல்லாம் நான்தான் சொல்கிறேன்.