காளி கேட்ட நிழற்குடை

கடற்கரைச் சாலையை அகலப்படுத்த ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம், குலசேகரன்பட்டினம் தசரா சமயத்தில் வந்தது. நேர்த்திக்கடனுக்காகக் காளி வேடம் கட்டியிருந்த என் கணவர் அப்படியே புறப்பட்டார். வேடம் கட்டிவிட்டால் ஊருக்கு அவர் அம்மன்தான். எனக்கோ, கடைக்கு அனுப்பினால் பாதிச் சாமானை மறந்துவிட்டு வருகிற மனுஷன்.

"பஸ் ஸ்டாப்புக்கு ஒரு நிழற்குடை கேளுங்க, வெயில்ல மண்ட காயுது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே கூடப் போனேன்.

சடைமுடியும் சூலமுமாக அவர் மண்டபத்துக்குள் நுழைந்ததும் அதிகாரியே எழுந்துவிட்டார். "சொல்லுங்கம்மா" என்று மைக்கை நீட்டினார்.

இவர் கோரைப்பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நாலு வழி போடுங்க, எட்டு வழி போடுங்க. ஓரத்துல ஒரு மண்பாதைய விட்டிருங்க. கோயிலுக்கு வெறுங்காலோட நடந்து வாரவங்களுக்குத் தாரு சுடுது."

அதிகாரி பயபக்தியோடு குறித்துக்கொண்டார். இவர் மைக்கைக் கொடுத்துவிட்டு நடந்தார். நிழற்குடை போச்சு என்று நான் பல்லைக் கடித்தேன்.

வாசல்வரை போனவர் நின்றார், திரும்பி வந்து மைக்கை வாங்கினார்.

"பெறவு, எங்க வீட்டுக்காரி பஸ் ஸ்டாப்புல நிழல் வேணும்ங்கா" என்றாள் காளி.