ரீகாவுக்கு நானும் வருவேன் என்றது

என் கணவரை ரீகா என்ற துறைமுக ஊரில் புதைத்தார்கள். எங்கள் ஆட்களில் எரிப்பதுதான் வழக்கம். ஆனால் அவர் கிரேக்கக் கப்பலில் வேலை செய்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி மாதம், கப்பல் அந்தத் துறைமுகத்தில் நின்றபோது நெஞ்சு வலி வந்து போய்விட்டார். அந்த ஊர் அப்போது ரஷ்யாவின் கையில். உடலைக் கொண்டுவர ஒருவருக்கும் வழி தெரியவில்லை. கூட வேலை செய்தவர்கள் மண் போட்டுவிட்டு அடுத்த துறைமுகத்துக்குப் போனார்கள். யாழ்ப்பாணத்தில் மகன் தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைத்தான். நான் பார்த்து அழ ஒரு முகம் இருக்கவில்லை.

பிறகு மகனோடு லண்டனுக்கு வந்து ஈஸ்ட் ஹாமில் இருந்தோம். ரஷ்யா உடைந்து ரீகா தனி நாட்டுக்குள் வந்துவிட்டது என்று மகன்தான் சொன்னான். அட்லஸை விரித்து ஊரைக் காட்டச் சொன்னேன். ஆங்கில எழுத்து எனக்கு ஓடாது, ஆனால் கடல் நீலம் என்று தெரியும். அந்த நீலத்தின் ஒரு மூலையில் அவன் விரலை வைத்தான். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்று சொல்லிவிட்டேன்.

"நான் ரீகாவுக்குப் போறன்."

"நான் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வாறன் அம்மா. உங்களுக்கு அந்தக் குளிர் ஏலாது."

"படத்தை வைச்சு நான் என்ன செய்யிறது? நீயும் வா. ஆனா நான் போறன்."

அவன் ஹரோவில் இருக்கும் என் அண்ணைக்கு போன் பண்ணிவிட்டான். அண்ணை படித்தவர், எங்கள் குடும்பத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து, தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் தொடங்கினார்.

"பிள்ளை, பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லை. வீட்டு வாசல் படலையோடை நிண்டிடுவினம். உனக்குத் தெரியாததே?"

"தெரியும் அண்ணை. படலை வரைக்கும் போக எனக்கு ஆர் பிணத்தைக் கொண்டுவந்து தந்தவை?"

நான் விடவில்லை.

"உங்கடை மாமி செத்த நேரம் அண்ணி காரிலை வந்து கிரெமட்டோரியத்திலை முன்வரிசையிலை இருந்தவ. அது சுடலை இல்லையோ?"

"அது வேறை. அது மண்டபம், ஹோல்."

"அங்காலை எரியேக்கை இங்காலை கதிரை போட்டால் ஹோலோ?"

மகன் சிரிப்பை மறைக்கக் அடுப்படிக்குள் போனான். அண்ணை ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். போகும்போது, "உன்ரை பிடிவாதம் உன்னோடை" என்றார்.

என் கணவரோடு கப்பலில் இருந்த ஒருவர் வால்தம்ஸ்டோவில் இருந்தார். அவரை வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டு, இடத்தைக் கேட்டேன்.

"கடலுக்குக் கிட்ட, பைன் மரங்கள் நிக்கிற இடம் அக்கா. நிலத்தோடை ஒட்டின சின்னக் கல்லு. நாங்கள்தான் பேர் வெட்டுவிச்சனாங்கள்."

"இப்பவும் இருக்குமோ?"

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதைச் சொல்ல ஏலாது அக்கா."

மகன் என் முகத்தைப் பார்த்தான். "அம்மா, போய்க் கல்லு இல்லையெண்டால்?"

"மண் இருக்குமெல்லோ" என்றேன்.

பஞ்சாங்கத்தில் என் கணவரின் திதி பார்த்து, மாசியில் அந்த நாளில் அங்கே நிற்கவேண்டும் என்று முடிவு செய்தேன். கற்பூரம், திருநீறு, அவருக்குப் பிடித்த பனங்கட்டி எல்லாம் எடுத்து வைத்தேன். ஹை ஸ்ட்ரீட்டில் கொழும்புக்கும் சென்னைக்கும் டிக்கெட் போடும் தம்பி ஒருவர் இருந்தார். ரீகா என்றதும் இரண்டுதரம் கேட்டார்.

"மாசியிலையோ அன்ரி? அங்கை பனி முழங்கால் மட்டும் கிடக்கும். நிலத்தோடை கிடக்கிற கல்லை எப்பிடித் தேடுவியள்? ஆனியிலை போங்கோ."

"ஆனியிலை திதி இல்லையே தம்பி."

"திதிக்குப் போனால் பனியைத்தான் பாப்பியள்."

எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் அல்ல. இத்தனை யோசித்த நான் பனியை யோசிக்கவில்லை. அன்று டிக்கெட் எடுக்காமலே வீட்டுக்கு வந்தேன். அரிசி களைந்து உலையில் போட்டபடி யோசித்தேன். திதியை ஐயர் இங்கேயும் செய்வார், மகன் பக்கத்தில் இருப்பான். அவர் கிடக்கிற மண் அங்கே மட்டும்தான் இருக்கிறது. சோறு வடிக்குமுன் முடிவெடுத்துவிட்டேன். மாசியில் திதியைக் கோயிலில் கொடுத்தோம். அடுத்த கிழமையே போய் ஆனி மாதத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்தோம்.

அண்ணைக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன்.

"சரி, போயிட்டு வா" என்றார். "ஆனா சுடலைக்குப் போயிட்டு வந்து தலையிலை வாத்துக் குளிக்காமல் ஒரு வாய் தண்ணியும் குடிக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்."

"சுடுதண்ணி வருமோ எண்டு கேட்டுத்தான் ஹோட்டல் அறையே எடுத்தனாங்கள் அண்ணை" என்றேன்.