வால் ஒதுங்கும் வண்டி

எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவளுக்குப் பம்பரம் என்று பேர். யார் வைத்ததென்று தெரியாது. நான் லேபில் வேலைக்குச் சேரும்போதே அந்தப் பேர் இருந்தது. டீ குடிக்கும்போதுகூட உட்கார மாட்டாள். டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள். போன் வந்தால் மாடிப்படி ஏறி இறங்குவாள். மருத்துவர்களில் சிலருக்கு அவளுடைய உண்மையான பேரே தெரியாது.

அவள் கணவர் நேர் எதிர். நூலகத்தில் வேலை. இடித்த புளி மாதிரி ஓர் இடத்தில் உட்கார்ந்தால் கூரை இடிந்தாலும் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை என்பார்.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன வருஷம் பம்பரம் அந்தக் காரை வாங்கினாள். இரண்டே இருக்கை, தாழ்ந்த கூரை, கரும்பச்சை. எங்கள் காது மூக்கு தொண்டை மருத்துவருடைய வண்டி அது. அவருக்கு முதுகுத் தண்டில் வட்டு விலகிவிட்டது. "உள்ள உக்காந்துடுவேன், வெளிய வரத்தான் ரெண்டு ஆள் வேணும்" என்று சிரிப்பார். அவர் முதுகைப் படம் எடுத்ததே இவள்தான். படத்தை விளக்குக்கு எதிரே பிடித்துக்கொண்டே, "அப்போ வண்டிய என்ன பண்ணப்போறீங்க சார்?" என்று கேட்டிருக்கிறாள்.

வண்டி பல காலம் அவர் வீட்டுக் கொட்டகையில் உறை போர்த்தியபடியே கிடந்தது. வாங்கும் முன் அவளுடைய தம்பி வந்து சுற்றிப் பார்த்தான். கைப்பேசி உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். உலகத்தில் எல்லா விஷயத்துக்கும் ஒரு வீடியோ பார்த்திருப்பான். டயரின் பள்ளத்தில் விரலை விட்டு, "புதுசு மாதிரி இருக்குக்கா, இன்னும் நாலு வருஷத்துக்குத் தொட வேண்டாம்" என்றான். அவளும் நம்பினாள்.

அந்தச் சம்பவம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நடந்தது. மழை அப்போதுதான் தூற ஆரம்பித்திருந்தது. மேம்பாலத்திலிருந்து இறங்கும் வளைவு. பக்கத்தில் கணவர், மடியில் நூலகத்துக்கு யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த புத்தகக் கட்டு. வேகம் ஒன்றும் பெரிதில்லை என்று அவள் இன்றைக்கும் சத்தியம் செய்வாள். வளைவின் பாதியில் பின்பக்கம் லேசாக ஒதுங்கியது. அவள் திடுக்கிட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். அடுத்த நொடி வண்டி தட்டாமாலை சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது.

எதிரே ஒரு லாரி. நல்ல வேளை, தூரத்திலேயே நிறுத்திவிட்டான். ஓட்டுநர் இறங்கி வந்து, மற்ற வண்டிகளைக் கையால் தடுத்து, இவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டுப் போனான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. கணவர் காலடியில் சிதறிக் கிடந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். வீட்டுக்கு வந்ததும், "காபி போடவா?" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கும் அதற்குப் பிறகும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அந்த மௌனம்தான் அவளைப் பிடுங்கித் தின்றது. திட்டியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பாள். அவர் வழக்கம்போலப் படித்தார், வழக்கம்போலச் சாப்பிட்டார். "எங்கயாவது போயிட்டு வரலாமா?" என்று இவள் கேட்டால் மட்டும், "இன்னைக்கு வேண்டாமே" என்றார். தம்பியோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "பேருக்கு ஏத்த மாதிரி சுத்திட்டியேக்கா" என்று சிரித்துவிட்டு, "வித்துடு. இந்த வயசுல எதுக்கு இது?" என்றான்.

தப்பு தன்மேலா, வண்டிமேலா? அது தெரியாமல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. விற்பதானாலும் அது தெரிந்த பிறகுதான் விற்பது என்று முடிவு செய்தாள்.

முதலில் போனது டயர் கடைக்கு. கடைக்காரர் பள்ளத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து, பின் டயரின் ரப்பரில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். நகம் இறங்கவில்லை. "நீங்க அழுத்திப் பாருங்க மேடம்" என்றார். ஓட்டாஞ்சில்லை அழுத்தியது போல இருந்தது. பக்கவாட்டில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் பதிந்திருந்தன. முதல் இரண்டும் டயர் செய்த வாரம், கடைசி இரண்டும் வருஷம். அவளுடைய மகள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்து டயர்.

"ஓடித் தேயல, நின்னே காஞ்சு போச்சு. முன்னாடி ரெண்டும் இதைவிடப் புதுசு, வேற கம்பெனி. முன்னாடி பிடிக்குது, பின்னாடி வழுக்குது. வால் சுத்தாம என்ன பண்ணும்?"

"அப்போ பின்னாடி ரெண்டு மாத்தினா போதுமா?"

"போதும்னு சொல்லி வித்துடலாம். ஆனா நாலும் ஒரே ஜாதியா இருந்தாத்தான் இந்த வண்டிக்கு நல்லது."

மூன்று வகை எடுத்துப் போட்டார். ஒன்று நீண்ட நாள் உழைக்கும், ஆனால் கெட்டி. ஒன்று பந்தயக்காரர்கள் கேட்பது. காய்ந்த சாலையில் பிசின் மாதிரி ஒட்டும், தண்ணீரைக் கண்டால் கைவிட்டுவிடும். மூன்றாவது நடுவாந்தரம், சீக்கிரம் தேயும், ஆனால் ஈரத்தில் பிடிக்கும். தம்பி போனிலேயே இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அவள் கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். ஒவ்வொரு டயரின் பள்ளமும் தண்ணீரை எந்தப் பக்கம் தள்ளும் என்று கேட்டாள். பின்னால் அகலமானது, முன்னால் குறுகலானது, அது ஏன் என்று கேட்டாள். காற்றழுத்தம் நான்குக்கும் ஒரே அளவா என்றாள். இல்லை, கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில் முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று போட்டிருக்கும், இத்தனை நாள் காற்றடித்தவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றார் அவர். கடைசியில் மூன்றாவதையே வாங்கினாள். "ஸ்டூல் போட்டிருக்கேன், உக்காருங்க மேடம், எனக்குத் தலை சுத்துது" என்று அவர் இரண்டு தடவை சொன்னாராம்.

வண்டி மாறிவிட்டது. மழையில் பிடித்தது, பிரேக் போட்டால் நேராக நின்றது. எங்களுக்கெல்லாம் வராந்தாவில் டீ வாங்கிக் கொடுத்தாள். ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் தாங்கவில்லை. புறவழிச்சாலையில் நீளமான வளைவு ஒன்று உண்டு. அதில் போகும்போது காலைக் கொஞ்சம் தளர்த்தினால், பின்பக்கம் ஒரு துடி துடித்தது. மீனின் வால் அசைவது போல, மிக லேசாக. பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. அவள் இடுப்புக்குத் தெரிந்தது.

வீல் அலைன்மென்ட் பார்க்கும் சக்கரச் சீரமைப்புக் கடையில் நிறுத்தினாள். கணினித் திரையில் எல்லாம் பச்சை, எந்தக் கோணத்திலும் பிசகில்லை. மறுபடி ஓட்டினாள், துடித்தது. மறுபடி அதே கடை, மறுபடி பச்சை. "வண்டி சரியா இருக்கு மேடம். ஒரு தடவ சுத்தினதுல நீங்க பயந்துட்டீங்க, அவ்வளவுதான்" என்றார் அந்தக் கடைக்காரர், ஆறுதலாகத்தான்.

அது முள்ளாகத் தைத்தது. அந்த நாட்களில் அவளைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு எங்கோ போய்விடுவாள். ஒரு நாள் ஒருவருடைய இடது காலுக்கு வலது என்று அடையாளம் வைத்துப் படம் எடுத்துவிட்டு, அச்சிடும் முன் கண்டுபிடித்து, திரும்ப எடுத்தாள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்று நடந்ததில்லை. என்னிடம் வந்து, "நான் நிஜமாவே பயந்துட்டேனா? அப்படியா தெரியுது?" என்று கேட்டாள். "லீவு போடேன்" என்றேன். லீவு போட்டு என்ன செய்வது என்று அவள் கேட்டது நியாயம்தான்.

மறுநாள் முழங்கால் வலி என்று ஒருவர் வந்தார். படுக்க வைத்து எடுத்த படத்தில் மூட்டு நன்றாக இருந்தது. மருத்துவர் நிற்க வைத்து எடுக்கச் சொன்னார். நின்றதும் மூட்டின் இடைவெளி காணாமல் போயிருந்தது. அவளுக்கு இது தினமும் பார்க்கிற காட்சி. அன்றைக்குத்தான், சீரமைப்புக் கடையில் வண்டியையும் பாரம் ஏற்றாமல் சும்மா நிறுத்தித்தான் பார்த்தார்கள் என்பது அவளுக்கு உறைத்தது.

எங்கள் ஆம்புலன்ஸ்களைப் பழுது பார்க்கிற மெக்கானிக் பின்தெருவில் இருக்கிறார். மாலையில் அங்கே வண்டியைக் கொண்டுபோனாள். வண்டிக்குப் பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் சிரிக்கவில்லை. இருக்கையில் கூட வந்த தம்பியை உட்கார வைத்து, பின்னால் மணல் மூட்டை ஏற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் அசையவில்லை. தம்பி உள்ளேயிருந்து, "போதுமாக்கா, கால் மரத்துப்போச்சு" என்றான். அவள் முகம் தொங்கிப்போயிற்று.

"யோசனை சரிதான்" என்றார் மெக்கானிக். "ஆனா மேலருந்து அமுக்கினா ஆகாது. ஓடும்போது சக்கரம் முன்னயும் பின்னயும்ல இழுபடும்."

வண்டியைத் தூக்கி, நீளக் கம்பி ஒன்றை இடது பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைக்கும் வண்டியின் உடம்புக்கும் இடையில் கொடுத்து நெம்பினார். அந்தக் கை உடம்போடு சேரும் இடத்தில், அதிர்வைத் தாங்க, புஷ் என்று ஒரு ரப்பர் உருளை உண்டு. கம்பியை நெம்ப நெம்ப அது வாய் பிளந்தது. விட்டதும் மூடிக்கொண்டது. மூடினால் கிழிசலே தெரியவில்லை. ஆக்சிலரேட்டரில் கால் இருக்கும்வரை அது இறுகியிருக்கும். காலை எடுத்ததும் பிளந்து, பின்சக்கரம் தானாகத் திரும்பும் என்று விளக்கினார்.

"இன்னொரு தடவ நெம்புங்க" என்றாள். நெம்பினார். குனிந்து போனில் படம் எடுத்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அப்போ அன்னைக்கு தப்பு என்மேல இல்ல."

"வளைவுல சட்டுன்னு கால எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"அப்போ உங்களுக்கும் பங்கு இருக்கு. டயர், புஷ், நீங்க, மூணு பேரும் சேர்ந்து பண்ணினது."

அவள் எதிர்பார்த்த தீர்ப்பு அதுவல்ல. இருந்தாலும் முழுசாகக் குற்றவாளி என்பதைவிட மூன்றில் ஒரு பங்கு தேவலை என்று என்னிடம் சொன்னாள். புது புஷ் வந்து பொருத்தி, சக்கரங்களைச் சீரமைத்து வாங்கியதும், நேரே புறவழிச்சாலைக்குப் போய், அந்த வளைவில் வேண்டுமென்றே காலைத் தளர்த்தினாள். வால் அசையவில்லை. திரும்பி வந்து இன்னொரு தடவை போனாள்.

வீட்டில் கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்க. இதுதான். நான் மட்டும் காரணமில்ல."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "என்ன இது, யாரோட வாய்?"

விளக்கினாள். முழுதும் கேட்டுவிட்டு, "நீ காரணம்னு நான் எப்போ சொன்னேன்?" என்றார்.

"சொல்லல. எதுவுமே சொல்லல. அதுதான் என்னைக் கொன்னுது. ஒரு தடவ திட்டியிருந்தா என்னவாம்? வண்டில ஏறக் கூப்பிட்டா இன்னைக்கு வேண்டாம், இன்னைக்கு வேண்டாம்னு..."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "எனக்குப் பயமா இருந்துச்சு. இப்பவும் இருக்கு. சொன்னா நீ வண்டிய வித்துடுவியோன்னுதான் சொல்லல."

"பயம்னா, நான் ஓட்டுறதுலயா?"

"இல்ல. வண்டி சுத்தும்போது உன் கையில ஸ்டீரிங் இருந்துச்சு. என் கையில புத்தகம்தான் இருந்துச்சு. என்ன பண்றதுன்னே தெரியல. சும்மா உக்காந்து பாத்துட்டு இருந்தேன். அதுதான் பயம்."

அவள் அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள்.

"எனக்கு ஓட்டச் சொல்லிக்குடு" என்றார் அவர், வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே.

ஊருக்கு வெளியே மனை பிரித்துப் போட்டு, இன்னும் யாரும் வீடு கட்டாத இடம் ஒன்று இருக்கிறது. தெருக்கள் மட்டும் போட்டிருக்கிறார்கள். ஞாயிறு காலையில் அங்கே கூட்டிப்போனாள். அவர் ஓட்டுநர் இருக்கையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கண்ணாடிகளைச் சரி செய்து, இருக்கையைச் சரி செய்து, மறுபடி கண்ணாடிகளைச் சரி செய்தார். பிறகு முதல் கியரில் நகர்ந்தார். அந்த வண்டி அவ்வளவு மெதுவாகப் போகும் என்று அதைச் செய்தவர்களுக்கே தெரிந்திருக்காது. பக்கத்து இருக்கையில் அவள் இல்லாத பிரேக்கை மிதித்தாள், இல்லாத கிளச்சை மிதித்தாள், கதவுப் பிடியைப் பிடித்தாள், விட்டாள்.

"ரெண்டாவது போடுங்களேன்."

"அவசரம் என்ன?"

மூலை வந்தது. நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு ஈ காக்கை இல்லை. அவளால் முடியவில்லை. கதவைத் திறந்து இறங்கி நடக்க ஆரம்பித்தாள். அவர் ஜன்னலை இறக்கி, "எங்க போறே?" என்றார். "நீங்க வாங்க, நான் முன்னாடி போறேன்" என்றாள். அந்தத் தெரு முடியும்வரை வண்டி அவளுக்குப் பின்னால்தான் வந்தது.

இரண்டாவது முயற்சியில் அவருக்கு உரிமம் கிடைத்தது. சனிக்கிழமைகளில் அந்த வண்டியில்தான் நூலகத்துக்குப் போகிறார். மிதிவண்டிக்காரர்கள் அவரை முந்திப் போகிறார்கள் என்று தம்பி சொல்லித் திரிகிறான். பம்பரம் முன்பு போலவே சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்கிறாள், நின்றுகொண்டே. இப்போது வலது முன்பக்கம் ஏதோ கிடுகிடு என்கிறதாம். மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு ஒன்றும் இல்லை என்கிறார். இவள் விடுவதாக இல்லை. வெள்ளிக்கிழமை வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள்.