நான் சொல்லிக்கொடுத்த விடை

என் கணவர் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் ஐந்தருவியில் குளித்துவிட்டுக் கிளம்பியவருக்குத் தென்காசியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வழி தெரியவில்லை. பயந்துபோய் ஞாபகசக்திப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன்.

பரிசோதனை செய்த பெண், “சார், எலுமிச்சை, குடை, சாவி. மனசுல வச்சுக்கோங்க, பொறவு கேக்கேன்” என்றாள். என்னை வெளியே இருக்கச் சொன்னாள். “அவுக கூச்சப்படுவாக, நான் இங்கனயே இருக்கேன்” என்று அவளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

கணக்கு, படம் என்று என்னென்னவோ செய்யச் சொல்லிவிட்டு, அந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டாள். ஊரே எழுந்து நின்று வணங்கிய மனிதர், பரீட்சையில் விழிக்கும் பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்தார். என்னால் தாங்க முடியவில்லை. அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்த நேரம், சத்தமில்லாமல் உதட்டை அசைத்தேன். அவர் மூன்றையும் கம்பீரமாகச் சொன்னார். அதற்குப் பின் வந்த கேள்விகளுக்கும் அப்படியே செய்தேன்.

“வயசுக்கேத்த மறதிதாம்மா” என்றாள். சந்தோஷமாக வீடு திரும்பினோம்.

இந்த வருஷம் செங்கோட்டை ரயில்வே ஸ்டேஷனில், தன் பெயரே சொல்லத் தெரியாமல் நின்றவரை யாரோ கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். திருநெல்வேலி டாக்டர் அன்பாகத்தான் சொன்னார். “ஒரு வருஷம் முன்னாலயே வந்திருந்தா, இந்த மறதி நோயைக் கொஞ்சமாவது தள்ளிப் போட்டிருக்கலாம்மா.”

முன்னாலேயே போனோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அழுதேன். “இந்தம்மா எதுக்கு அழுவுதாக?” என்று என் கணவர் டாக்டரிடம் கேட்டார்.

அன்று அந்த அறையில் அவரைத் தோற்க விட்டிருக்க வேண்டும்.